தகடு நடுங்கியதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

இது எந்த வருடம் என்று எண்ணில் சொல்ல எனக்கு வராது. ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டு பஸ்களையெல்லாம் சுற்றிவிட்ட வருடம். கீழ் வீட்டு டெய்லர் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த வருடம். என் இடது காதும் நின்றுபோன வருடம். வலது காது எப்போதோ மில்லிலேயே போய்விட்டது. பெரிய வெள்ளத்தில் ரயில் தண்டவாளம் கயிறு மாதிரி அந்தரத்தில் தொங்கியதே, அதற்கு அடுத்த வருடம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கை, வேகமாக ஓடும். நான் சொல்வதைப் புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாளாம். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். போடுகிறாளா இல்லையா, நான் எங்கே கண்டேன்.

நோட்டைக் கொடுத்தது நடுக்கக்காரி. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. சத்தத்தை வைத்துக் கலை செய்கிறவள். பூட்டிக் கிடக்கும் எங்கள் மில்லின் பெரிய கூடத்தில் மரத்தரை போட்டு, அதற்கு அடியில் பீரோ பீரோவாக ஸ்பீக்கர்களைப் புதைத்திருக்கிறாள். அதில் வரும் சத்தம் காதுக்குக் கேட்காத அளவுக்குக் கீழே இருக்குமாம். எலும்புக்குத்தான் தெரியும். நின்று பார்த்துவிட்டு, உடம்பில் எங்கே என்ன தெரிந்தது என்று தினமும் சொல்லி எழுதி வைக்க வேண்டும்.

"வாஷிங் மெஷின் மேல உக்காந்தா இதேதானே வரும், இதுக்கு ஒரு கலையா?" என்றாள் என் மகள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மில்லில் இருந்தவர்கள் எல்லோருக்கும் உதடு படிக்கத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரே படிப்பு அது.

இன்று ஏறி நின்றேன். முதலில் குதிகால். பிறகு முழங்கால் சில்லு. தொடை வழியாக வயிற்றுக்குள் புகுந்து நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. பல் செட் தாளம் போட்டது. இரண்டு காதும் செத்தவனுக்குள்ளே இவ்வளவு சத்தம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குதிகால் இன்னும் அடங்கவில்லை. கட்டிலில் படுத்தாலும் ஓடுகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடுக்கக்காரி எங்கள் எஞ்சினின் நடுக்கத்தை அப்படியே கொண்டுவரப் பார்க்கிறாள். எஞ்சின் போய்விட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதன் நடுக்கம் இப்போது என் காலில் மட்டும்தான் இருக்கிறது.

அவள் முதலில் போட்டதற்கு, "இது லாரி" என்றேன். அடுத்ததற்கு, "இது வேற லாரி."

"ஐயா, கொஞ்சம் கருணை காட்டுங்க" என்றாள். என் எதிரே நின்று உதட்டை நன்றாகத் திறந்துதான் பேசுவாள். கெட்டிக்காரி.

உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக, நிமிர்த்தினால் வேகமாக. மில்லில் நாங்கள் பேசிய கைப்பேச்சிலேயே சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. திடீரென்று பாதத்துக்குக் கீழே அது வந்து நின்றது. தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைத்த மாதிரி. "இதுதான்" என்றேன். அவள் அழுதாள். எனக்கும் வந்தது, மூக்கைச் சீந்திச் சமாளித்தேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டாள். சொன்னேன். எஞ்சினிலிருந்து ஒரு பெரிய ஷாஃப்ட், சுழலும் இரும்புத் தண்டு, கூடத்தின் நீளத்துக்கும் போகும். அதிலிருந்து பெல்ட் பெல்ட்டாக இறங்கி மெஷின்களை ஓட்டும். ஷாஃப்டைத் தாங்க ஐந்து பேரிங். மூன்றாவதுதான் பாரமெல்லாம் சுமப்பது. அதன் காலடியில் தரையோடு தரையாக ஓர் இரும்புத் தகடு, சுற்றிலும் சங்கிலி. சங்கிலிக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது, மேனேஜரானாலும். எஞ்சின்காரன் நான் மணிக்கு ஒரு தடவை வெறுங்காலோடு தகட்டில் நின்று நூறு வரை எண்ண வேண்டும். அந்த இரைச்சலில் காது உதவாது. சூட்டில் கை ஏமாற்றும். கால்தான் சொல்லும். பேரிங்குக்குள் பித்தளையில் விரிசல் விட்டால் தகடு விட்டு விட்டுக் கொசு மாதிரி கடிக்கும். இரண்டு தடவை நான் நிறுத்தச் சொல்லி எஞ்சினை நிறுத்தினார்கள். திறந்தால் இரண்டு தடவையும் விரிசல். "இவன் கால் பொய் சொல்லாது" என்றார் மேனேஜர்.

"ஷாஃப்ட் உடைஞ்ச அன்னிக்கு எப்படிங்கய்யா இருந்தது? அந்த நடுக்கமும் எனக்கு வேணும்."

கால் வலிக்கிறது என்று இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று வேண்டாம். பேனாவை மூடு.

பிப்ரவரி 20, வியாழன்

சரி, எழுது. போன வருட வெள்ளம் இல்லை, நான் வாலிபனாக இருந்தபோது வந்த பழைய வெள்ளத்துக்கு மூன்று மாதம் முந்தி. காலை ஷிப்டு, பத்தரை மணி இருக்கும். மூன்றாவது பேரிங் சிக்கிக்கொண்டு ஷாஃப்ட் முறுக்கி உடைந்தது. அறுந்த பெல்ட் வீசியதில் ஃபிட்டர் அங்கேயே போனார். பெல்ட் தைக்கிறவன், நாங்கள் தையல் என்று கூப்பிடுவோம், அவனும் அங்கேயே. கல்யாணமாகி நாற்பது நாள்.

விசாரணை நடந்தது. தகட்டில் நின்றாயா என்று கேட்டார்கள். பத்து மணிக்கு நின்றேன் என்றேன். தகடு நடுங்கியதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் கால் பொய் சொல்லாது என்று மேனேஜர் எடுத்துக் கொடுத்தார். அப்படியானால் விரிசல் இல்லை, பத்து மணிக்குப் பிறகு எண்ணெய் வற்றித்தான் பேரிங் சிக்கியிருக்கிறது என்று எழுதினார்கள்.

எண்ணெய் ஊற்றுகிறவன் பூனை. அந்த இரைச்சலில் யானை நடந்தாலும் கேட்காது, இருந்தும் அவனுக்குப் பூனை என்று பேர். எண்ணெய்க் கேனோடு எந்தப் பக்கம் வந்தான் என்றே தெரியாது, திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பான். மூன்றாவது பேரிங்குக்கு இரண்டு எண்ணெய்க் கப். "ரெண்டு கப்பும் நிரப்பினேன், ரெண்டும் நிரப்பினேன்" என்று கத்தினான். கப் இரண்டும் நொறுங்கிவிட்டன, யார் பார்ப்பது. வேலை போனது. ரெண்டு பேரைக் கொன்றவன் என்று எந்த மில்லிலும் சேர்க்கவில்லை. பெண்டாட்டி தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

விசாரணையில் சொன்னதை ஒரு சொல் மாறாமல் இப்போதும் சொல்லிவிட்டேன். ஐம்பத்தோரு வருடமாக மாறவே இல்லை. அதுதான் அதில் உள்ள கோளாறு.

பிப்ரவரி 23, ஞாயிறு

மகள் சொல்லி விசாரணைக் கதையைத் தெரிந்துகொண்டு, நடுக்கக்காரி பேரிங் படித்த ஒரு இஞ்சினியரைக் கேட்டிருக்கிறாள். பழைய விசாரணை ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அவர் சொன்னாராம், அவ்வளவு பெரிய ஷாஃப்ட் திடீரென்று உடையாது, குறைந்தது ஒரு மணி நேரமாவது தகடு நடுங்கியிருக்க வேண்டும் என்று. அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த நடுக்கத்தை ஸ்பீக்கரில் ஏற்றியிருந்தாள்.

"நீங்க நடுங்கலைன்னு சொன்னீங்க. எதுக்கும் ஒரு தடவை நின்னு பாருங்கய்யா. தப்பா இருந்தா மாத்திடலாம்."

நின்றேன்.

கொசு இல்லை. தகரத்தைப் பல்லால் கடிக்கிற மாதிரி. குதிகாலில் கடித்தது, விட்டது, கடித்தது. முழங்கால் மடங்கியது. ஈரல், குடல், எல்லாம் தனித்தனியாகக் கழன்று ஆடியது. ஒரு குழந்தை நின்றிருந்தாலும் நிறுத்து என்று சொல்லியிருக்கும். நான் மரத்தரையில் விழுந்தேன். விழுந்தால் இன்னும் மோசம், கன்னத்தில், விலாவில், மண்டையில், எல்லா இடத்திலும் கேட்கிறது. காதை அடைத்துக்கொள்ளலாம். உடம்பை எதைக் கொண்டு அடைப்பது?

அணைத்துவிட்டு ஓடி வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்துச் சொன்னாள்: "பூனை ஐயாவைக் கண்டுபிடிச்சிட்டேன். முதியோர் விடுதியில இருக்காரு. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு, இதயமும் சரியில்லையாம். இந்தக் கூடத்தைத் திறக்கிற அன்னிக்குக் கூட்டிட்டு வரேன். உங்க ரெண்டு பேரைத் தவிர அந்த ஷிப்டில யாருமே உயிரோட இல்லைங்கய்யா."

அவன் செத்துப்போயிருப்பான் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். செத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று எழுது. இல்லை — எழுதாதே. எழுது.

பிப்ரவரி 24, திங்கள்

கடி போகட்டும் என்று காலை வெந்நீரில் வைத்தேன். போகவில்லை. பச்சைத் தண்ணீரில் வைத்தேன். போகவில்லை.

பிப்ரவரி 26, புதன்

"என்னப்பா ஆச்சு, சாப்பாட்டைத் தட்டுல கோலம் போட்டுட்டே இருக்கீங்க" என்கிறாள். எப்படிச் சொல்ல. எழுதுகிறவளே கேட்கிறாள். இன்னொரு கை இருந்தால் அதனிடம் சொல்லியிருப்பேன். எனக்கென்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

மார்ச் 1, சனி

எழுது. நிறுத்தாமல் எழுது. உன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்லப் போகிறேன். நீ பேசினால் எனக்குத் தெரியாது.

அந்த வாரம் இரண்டு குதிகாலிலும் வெடிப்பு, ரத்தம் வரும். தகடு சுடும். வெடிப்பில் சூடு பட்டால் உயிர் போகும். ஒரு ஷிப்டுக்குத்தானே என்று ஒரு பஞ்சுச் சாக்கை நாலாக மடித்துத் தகட்டின் மேல் போட்டு நின்றேன். எட்டு மணிக்கு நின்றேன், ஒன்பதுக்கு நின்றேன், பத்துக்கு நின்றேன். நூறு வரை ஒழுங்காக எண்ணினேன். மெத்து மெத்தென்று இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

உடைந்ததும் புகை. எல்லோரும் ஃபிட்டர் விழுந்த பக்கம் ஓடினார்கள். நான் சங்கிலிக்குள்ள ஓடினேன். சாக்கை எடுத்துட்டுப் போய் பாய்லர் வாயில போட்டேன். எரியுற வரைக்கும் நின்னு பார்த்தேன். ஆளைப் பார்க்கப் போகலடி. தையல் அப்போ உயிரோட இருந்தானாம், தண்ணி கேட்டானாம். நான் சாக்கு எரியுறதைப் பார்த்துட்டு இருந்தேன்.

பூனை என்னைப் பார்த்துக் கையால கேட்டான், விசாரணை அறை வாசல்ல. ரெண்டு விரலைக் காட்டினான், ரெண்டு கப்பும் ஊத்தினேன், நீ சொல்லுன்னு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அவ்வளவுதான். இப்போ திரும்பலாமா? எழுதிட்டியா?

மார்ச் 2, ஞாயிறு

எழுதிவிட்டாள். முகத்தைப் பார்த்தேன். நோட்டை மூடிவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 5, புதன்

இன்றுதான் வாய் திறந்தாள். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, நடுக்கக்காரி மாதிரி உதட்டை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"அந்த விசாரணைக்கு அப்புறம்தானே உங்களைத் தலைமை எஞ்சின்காரராப் போட்டாங்க?"

ஆமாம் என்றேன்.

"அதனாலதானே கம்பெனி வீடு. அந்த வீட்ல இருந்தவங்க பிள்ளைகளுக்குத்தானே கம்பெனி பள்ளிக்கூடம்."

ஆமாம்.

"அப்போ இந்த எழுத்து?" பேனாவைத் தூக்கிக் காட்டினாள். "நான் எழுதுற ஒவ்வொரு எழுத்தும் அந்தச் சாக்கு மேல நின்னு கத்துக்கிட்டதா?"

சாக்குக் கதை அவள் அம்மாவுக்குக் கூடச் சொல்லாதது. வெடிப்புக்கு மருந்து தடவிவிட்டவள், வெடிப்போடு தகட்டில் எப்படி நின்றீர்கள் என்று கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதையும் இவளேதான் எழுதுகிறாள். எழுத்து நடுங்குகிறதா என்று எனக்குத் தெரியாது. மேசையில் கை வைத்துப் பார்த்தேன். மேசை நடுங்குகிறது.

மார்ச் 6, வியாழன்

"ஞாயித்துக்கிழமை போறோம்" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. செத்துப்போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. நானா, அவனா என்றுகூடத் தெளிவாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பாலம் மூடியிருப்பதால் இரண்டு பஸ். விடுதியில் நீளக் கூடம், இருபது இரும்புக் கட்டில். கடைசிக் கட்டிலில் பூனை. கண் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் யார் என்று உடனே தெரிந்துவிட்டது. ஏதோ சொன்னான். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டதால் உதடு படிக்க வரவில்லை. ஐம்பது வருடம் உதட்டை வைத்தே பிழைத்தவனுக்கு அந்த ஒரு வாய் மட்டும் மூடிய புத்தகம்.

மகள் குனிந்து கேட்டு, என் பக்கம் திரும்பித் தன் உதட்டால் சொன்னாள். அப்படித்தான் பேச்சு நடந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெடிப்பு. சாக்கு. நாலு மடிப்பு. பாய்லர். என் குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். பிறகு பேசினான். மகள் என்னைப் பார்க்காமல் நின்றாள்.

"என்ன சொல்றான்?"

"வேண்டாம்ப்பா."

"சொல்லு."

"கெட்ட வார்த்தைப்பா."

"அவன் சொன்னதை அப்படியே சொல்லு."

சொன்னாள். பெற்ற அப்பனைப் பார்த்து, அப்படியே, ஒன்று விடாமல். அவள் வாயில் அந்தச் சொற்களை நான் கண்டதே இல்லை. அழுதுகொண்டே சொன்னாள். என் உள்ளங்கையில் கட்டில் கம்பி அதிர்ந்தது. அவன் குரலா, அவன் உடம்பு உதறுவதா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரும்பு வழியாக வந்து தோள்மூட்டு வரை ஏறியது. நான் கையை எடுக்கவில்லை.

கடைசியில் அவன் சொன்னது இது. மகள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"முதல்ல ரெண்டு வருஷம் நான் ஊத்தினேன்னு சொல்லிட்டு இருந்தேன். ஊர்ல எல்லாரும் இல்லைன்னு சொன்னாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒரு கப்பை விட்டிருப்பேனோன்னு. அப்புறம் விட்டுட்டேன்னே முடிவு பண்ணிட்டேன். ஐம்பது வருஷமா அந்த ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேன்னு இருக்கேன். தையலோட பெண்டாட்டி கால்ல விழுந்து, நான்தாம்மா கொன்னேன்னு மன்னிப்புக் கேட்டேன்டா. அவ செருப்பால அடிச்சா. நியாயம்னு வாங்கிக்கிட்டேன்."

பிறகு கேட்டான்: "ஒரு சாக்குதானாடா?"

ஆமாம் என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்ச் 10, திங்கள்

ஒரு சாக்கு.

மார்ச் 12, புதன்

மகள் விடுதிக்குப் போன் செய்தாள். சாப்பிட மாட்டேன் என்கிறானாம். நான் போய்ச் சொன்னது அவனுக்காகவா, எனக்காகவா? விட்டுட்டேன் என்று முடிவு பண்ணி, அதோடு ஒரு மாதிரி ஒத்துப்போய்க் கிடந்தவனைக் கடைசிக் காலத்தில் எழுப்பிவிட்டேனே. இந்த நாலு நாளில் அவன் போய்விட்டால்? சொல்லாமல் இருந்தது ஒரு கொலை, சொன்னது இன்னொன்றா? கால் கடிக்கிறது. தரை சும்மாதான் இருக்கிறது, கால் கடிக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

போன் வந்தது. மகள் கேட்டுச் சொன்னாள். காலையில் கஞ்சி குடித்தானாம். செய்தி ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறான். "அவனை மன்னிக்க மாட்டேன்னு சொல்லு. வாயால சொன்னது போதாதுன்னு சொல்லு. எழுதிப் போடச் சொல்லு, எல்லாரும் படிக்கிற மாதிரி. அவன் படிக்க முடியாதவன், நான் படிப்பேன்."

மார்ச் 15, சனி

நடுக்கக்காரியிடம் எல்லாம் சொன்னேன். அவள் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள். அவ்வளவு நேரம் என்னை ஒரு பொக்கிஷம் மாதிரிப் பார்த்த முகம், மாறியது. மாறட்டும்.

"உங்க காலை நம்பித்தான் எல்லாம் பண்ணேன்" என்றாள்.

மேனேஜரும் அதையேதான் சொன்னார்.

கூடத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை வைக்கப் போகிறாளாம். அதில் கலையைப் பற்றி நீளமாக ஏதோ எழுதி வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டாள். "நீங்க சொல்லுங்க, அதையே போடுறேன்" என்றாள்.

மார்ச் 22, சனி

இன்று திறந்தார்கள். பூனையை வேனில் கொண்டுவந்து மரத்தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நிற்க முடியாதவர்கள் படுத்துக் கேட்கலாம். பக்கத்தில் நானும் படுத்தேன், ஒரு கை தள்ளி. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் நல்ல ஓட்டம். அவன் உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தான். பிறகு அந்த ஒரு மணி நேரத்து நடுக்கம் வந்தது. சுற்றிப் படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அவன் கிடந்தான். நானும் கிடந்தேன். ஒரே பலகை இரண்டு பேர் முதுகையும் கடித்தது.

முடிந்ததும் ஏதோ சொன்னான். மகள் மண்டியிட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இவ்வளவு பெருசா நடுங்குமாடா? இதுவா உனக்குத் தெரியலைன்னு கேக்குறாரு."

இருக்கிற பதில் ஒன்றுதான், அது அவனுக்குத் தெரியும்.

மார்ச் 23, ஞாயிறு

பலகைக்கு நான் சொல்லி, மகள் எழுதிக் கொடுத்தது இது. எழுத்து அவளுடையதையே பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். நேற்று வேனில் ஏற்றுவதற்கு முன் பூனை தன் சக்கர நாற்காலியைப் பலகைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னான். வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். இரண்டு தடவை படித்தான். அதை இந்த நோட்டிலும் ஒரு தடவை எழுதிவிடு.

ஃபிட்டர், பெல்ட்டில் அடிபட்டு அன்றே இறந்தார். தையல், அன்றே இறந்தான், தண்ணீர் கேட்டான். மேனேஜர், மில் மூடிய வருடம் இறந்தார். மேஸ்திரி, பாலம் கட்டத் தொடங்கிய வருடம். பாய்லருக்குக் கரி அள்ளியவர், பாலம் கட்டி முடித்த வருடம். எஞ்சின்காரன் தகட்டில் சாக்கு போட்டு அதன் மேல் நின்றான், நடுங்கவில்லை என்று பொய் சொன்னான். அவனை இருப்பவர்களோடு சேர்க்க வேண்டாம்.

பூனை, ஆயில்காரன். இரண்டு கப்பிலும் எண்ணெய் ஊற்றினான். உயிரோடு இருக்கிறான்.